சுகர் உள்ளவருக்குச் சைவ ஹோட்டல்: மதியச் சாப்பாடு தேறும், ராத்திரி டிபன் கஷ்டம்

சென்னையோ மதுரையோ கோவையோ, சைவ ஹோட்டல் மெனு ஏறக்குறைய ஒன்றுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அங்கே சோற்றுக்குப் பயந்து சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "லேசா டிபன் போதும்" என்று உட்காருவார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஹோட்டல் இட்லி ஒன்றில் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். நாலு இட்லி சாப்பிட்டால் ஒரு கப் சோற்றைத் தாண்டிவிடும், காய் ஒரு துண்டுகூட உள்ளே போயிருக்காது.

முழுச் சாப்பாட்டின் பெரிய பலம் கூட்டும் பொரியலும் மறுபடி கேட்டு வாங்கலாம் என்பது. இலையில் வைத்ததும் அவற்றை முதலில் சாப்பிட்டு, சோறு வருவதற்குள் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ளுங்கள். காயும் பருப்பும் முன்னே போனால், பின்னால் போகும் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறும். பூரி, சப்பாத்தி வைத்தால் ஒன்றோடு நிறுத்தி, சோற்றைப் பாதியாக்குங்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, ஆகவே ஒரு கப், அதாவது 150 கிராம் போதும். பரிமாறுபவர் கரண்டியைச் சாய்க்கும் முன்பே "கொஞ்சமா வைங்கண்ணே" என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த சோற்றை யாரும் ஒதுக்குவதில்லை. ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடியுங்கள். பொரியல் உருளைக்கிழங்காகவோ சேனையாகவோ வாழைக்காயாகவோ இருந்தால் அது சோற்றுக் கணக்கில் சேரும். பாயசக் கிண்ணத்தை வரும்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அளவுச் சாப்பாடு என்ற பெயரை நம்பி வாங்க வேண்டாம். பெரும்பாலும் அங்கே சோறு தாராளமாக இருக்கும், பொரியல் கிண்ணம்தான் சின்னது, மறுபடியும் கிடைக்காது.

டிபனில் முதல் மதிப்பெண் அடை அவியலுக்கு. பருப்பு அதிகம், கூடவே காயும் வருகிறது. வெல்லத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெசரட்டு, அதாவது பாசிப்பயறு தோசை, கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் உள்ளே உப்புமா வைக்காமல் கேளுங்கள். இட்லிதான் வேண்டுமென்றால் இரண்டு இட்லி, ஒரு உளுந்து வடை. ரவா தோசையில் ரவை, மைதா, அரிசி மாவு மூன்றும் இருக்கின்றன. மசாலா தோசையின் கிழங்கு, மாவோடு சேரும் இன்னொரு மாவு. ராகி, கம்பு தோசை என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து மூன்று சாப்பிடக் கூடாது. ராகி மாவிலும் மாவுச்சத்து அரிசிக்குச் சற்றுத்தான் குறைவு, பல கடைகளில் அரிசி மாவும் கலப்பார்கள்.

பரோட்டாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மைதாவோடு எண்ணெயும் சேர்வதால் செரிமானம் தாமதமாகும். சாப்பிட்ட 2 மணி நேரத்தில் சோதித்தால் ரத்தச் சர்க்கரை 180க்குள் காட்டலாம், பிறகு நடுராத்திரியில் ஏறும். அந்த ஒரு அளவீட்டை நம்பிப் "பரோட்டா எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று முடிவு செய்பவர்கள் பலர். சூப், கோபி மஞ்சூரியன் இரண்டிலும் சோள மாவு சேர்ப்பார்கள். சில ஊர்ச் சாம்பாரில் வெல்லமும் உண்டு, கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

காபிக்கு "வித்தவுட்" என்ற ஒரு சொல் போதும், எல்லா ஹோட்டலிலும் புரியும். சிறிய டம்ளர் போதும், 100 மில்லி பாலிலேயே 5 கிராம் சர்க்கரை இயற்கையாக இருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' இனிப்பில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம், மைதாவும் கோவாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. நாட்டுச் சர்க்கரையும் தேனும் ரத்தத்துக்குச் சர்க்கரைதான்.

மெனுவைவிட ஆபத்தானது காத்திருப்பு. சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டோ, இன்சுலின் குத்திக்கொண்டோ கிளம்பி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். உடனே வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவைக்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஹோட்டல் சர்க்கரையோ சர்பத்தோ வேகமாக உதவாது, அந்த மாத்திரை சாதாரணச் சர்க்கரை உடைவதையே தாமதப்படுத்துகிறது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் இருந்தே ஆக வேண்டும்.