கரண்ட் போனால் எமர்ஜன்சி லைட்டா, சின்ன டார்ச்லைட்டா?

சுவரில் பிளக்கோடு மாட்டியே வைத்திருந்த எமர்ஜன்சி லைட்டை எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி டார்ச்லைட்டுகளுக்கு எங்கள் வீடு மாறிவிட்டது. பினாங்கில், பாயா தெருபோங் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறோம். விரல் நீளமே இருக்கும் டார்ச் ஒரு ஹாலுக்கு எப்படிப் போதும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். போதும். எப்போது போதாது என்பதையும் சொல்கிறேன்.

மெழுகுவர்த்தியையும் கைப்பேசியையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வெளிச்சத்தை லூமென் என்ற அளவில் சொல்வார்கள், மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமென்தான். அதற்காகத் திரைச்சீலையும் குழந்தைகளும் உள்ள வீட்டில் நெருப்பைக் காவல் காக்க வேண்டும். கைப்பேசியின் சார்ஜ், மின்சார நிறுவனமான டிஎன்பி-யின் 15454 எண்ணுக்கு அழைக்கவும் வீட்டாரோடு பேசவும் மிச்சமிருக்க வேண்டும்.

டார்ச்சைக் கையில் பிடித்து எதிரே அடித்தால் அது அறை விளக்கு ஆகாது. கண் கூசும், மற்ற மூலையெல்லாம் இருட்டாகவே இருக்கும். பின்பக்கம் தட்டையாக உள்ள டார்ச்சை வாங்கி, மேசைமேல் நிமிர்த்தி, ஒளியைச் சீலிங்குக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைச் சீலிங்கில் பட்டுச் சிதறி இறங்கும் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். நிழல்கள் மெத்தென்று இருக்கும், யார் முகத்திலும் நேராக அடிக்காது. எங்கள் ஹாலில் 30, 40 லூமென் அளவில் வைத்தால் சாப்பிடலாம், பேசலாம், பிள்ளைகள் தடுக்கி விழாமல் நடக்கலாம். வீட்டுப்பாடம் எழுத வேண்டுமென்றால் அதே டார்ச்சைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி, பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம்.

இதில் கவனிக்க வேண்டியது மின்விசிறி. கரண்ட் இல்லாதபோது அது அசையாமல் நிற்கும். டார்ச்சை நேர் கீழே வைத்தால் மூன்று இறக்கைகளின் நிழலும் சீலிங்கில் பட்டை பட்டையாக விழுந்து, பாதி வெளிச்சம் வீணாகும். அதனால் மூலைக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு சுவரும் சேர்ந்து ஒளியைத் திருப்பிக் கொடுக்கும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. கீழ்த்தளத்து ஆட்களுக்குத் தலைக்கு மேல் இருப்பது மாடியின் மரப்பலகை. இருண்ட மரம் ஒளியைக் குடித்துவிடும். அங்கே வெள்ளைச் சுவரை நோக்கிச் சாய்த்து வைக்கலாம். இல்லையென்றால் தண்ணீர் நிரம்பிய பாட்டிலின் அடியில் டார்ச்சை வைத்து, தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டால் பாட்டில் முழுக்க ஒளிரும். துணியைப் போட்டு மூட வேண்டாம். முழு வேகத்தில் எரியும் டார்ச்சின் தலை நன்றாகவே சூடாகும்.

நிறமும் முக்கியம். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 6000 கெல்வினுக்கு மேல், நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் சாம்பார்கூடச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாகவும், சிஆர்ஐ (பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்ற அளவு) 90-க்கு மேலும் போட்டிருப்பதைத் தேடுங்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1000 லூமென், 2000 லூமென் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. குறைந்த அளவில் எரியும் வசதி இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். நம் தீவின் பாயான் லெப்பாஸில் லூமிலெட்ஸ், ஓஸ்ராம் போன்ற நிறுவனங்கள் எல்இடி செய்கின்றன. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் டார்ச் வாங்கும்போது நிறத்தைக் கேட்பதில்லை.

சரி, எமர்ஜன்சி லைட்டுக்கு வருவோம். காகிதக் கணக்கில் அதுதான் ஜெயிக்கும். 6 வோல்ட், 4 ஆம்ப்-மணி ஈய-அமில பேட்டரி என்றால் 24 வாட்-மணி. டார்ச்சில் இருக்கும் ஒற்றை ஏஏ ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சுமார் 2000 மில்லி ஆம்ப்-மணி, அதாவது 2.4 வாட்-மணி. பத்தில் ஒரு பங்கு. 30 லூமெனுக்கு அரை வாட்டுக்கும் குறைவாகவே செலவாகும் என்பதால் அந்தப் பத்தில் ஒரு பங்கே ஐந்தாறு மணி நேரம் தாங்கும். இருந்தாலும் 24 எங்கே, 2.4 எங்கே என்று யாரும் கேட்கலாம்.

நான் பார்ப்பது வேறு. தீபகற்ப மலேசியாவில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுச் சராசரி மின்தடை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 1996 ஆகஸ்ட் 3-ல் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு வெள்ளத்தில் பல இடங்களில் கரண்ட் இல்லை. இப்படிப் பெரியதாக வருவது அபூர்வம். ஆக, நாம் வாங்கும் விளக்கு வருடம் முழுக்கச் சும்மா இருந்து, ஓர் இரவு மட்டும் வேலை செய்ய வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் மாதங்களில் பேட்டரி என்ன ஆகிறது என்பதை வைத்தே நான் முடிவெடுத்தேன்.

ஈய-அமில பேட்டரிக்குச் சும்மா இருப்பதே ஆகாது. தீர்ந்த நிலையில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது. சரி, பிளக்கிலேயே விட்டுவிடலாம் என்றால், மலிவான சார்ஜர் நிறைந்த பேட்டரிக்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே ஈரம் வற்றும். கூடவே நம் ஊர் வெக்கை. பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. எங்கள் வீட்டு லைட், டெஸ்ட் பட்டனை அமுக்கினால் பளிச்சென்று எரியும். பச்சை விளக்கும் காட்டும். உண்மையில் கரண்ட் போன இரவு, சாதத்தைத் தட்டில் போடுவதற்குள் மஞ்சளாகி மங்கிவிட்டது. ஒரு நொடி எரிந்து காட்டுவது ஒன்று, ஒரு மணி நேரம் எரிவது வேறு. மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். அதை யார் செய்கிறோம்?

டார்ச்சிலும் பேட்டரி ஆபத்து உண்டு, அது கசிவு. அம்மா சாமி மேடை அலமாரியில் வைத்திருந்த பழைய டார்ச்சின் மூடியைத் திறக்க இடுக்கி தேவைப்பட்டது. உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு, செம்பில் பச்சைக் களிம்பு. சாதாரண அல்கலைன் பேட்டரி பல மாதம் உள்ளேயே கிடந்தால் இப்படி ஆகலாம். கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும், ஆனால் அரித்த இடம் திரும்பி வராது. மாதக்கணக்கில் காத்திருக்கும் டார்ச்சில் அல்கலைன் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதற்குப் பதில், தானாகச் சார்ஜ் இறங்குவது மிகக் குறைவாக உள்ள வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி. 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் இந்த வகையில் முன்னோடி. ஐகியாவின் லாடாவும் இதே வகை, இரண்டாம் பாலம் ஏறினால் பத்து காவானில் கிடைக்கும். ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவுகள் 20 டிகிரி போன்ற குளிர்ந்த நிலைக்கு என்பதை நினைவில் வையுங்கள், நம் வீட்டு அலமாரியில் கொஞ்சம் வேகமாகவே இறங்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய லாபம், பேட்டரி கெட்டால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். டார்ச் அப்படியே இருக்கும்.

பக்கவாட்டில் பொத்தான் உள்ள டார்ச்சுகளில் அணைத்த பிறகும் துளித்துளியாக மின்சாரம் போகும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பெரும்பாலானவற்றில் அது நின்றுவிடும். சார்ஜ் ஏற்றுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் நாள்கள் சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும். எப்படியும் வீடு கழுவி அலமாரியை ஒதுக்குகிறோம். ஏப்ரல், அக்டோபர் இரண்டுமே பருவக்காற்று மாறி இடி மின்னல் அதிகமாக இருக்கும் மாதங்கள் என்பதும் பொருந்தி வருகிறது.

யூஎஸ்பி-யில் சார்ஜ் செய்யும் லித்தியம் லாந்தர்கள் பார்க்க அழகு, வெளிச்சமும் இதம். சீலிங்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் புதிது. இந்த வெக்கையில் மூன்று நான்கு வருடம் எப்படித் தாங்கும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. பேட்டரியை உள்ளேயே பூட்டி வைத்திருப்பதால் அது போனால் மொத்தமும் குப்பைக்குத்தான் என்பது மட்டும் தெரியும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்கென்று வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இடி இடித்ததும் கரண்ட் போவது பல நேரம் வெளியே நடந்த கோளாறு அல்ல, நம் வீட்டு டிபி பெட்டியிலேயே (மெயின் ஸ்விட்ச் பெட்டி) ட்ரிப் ஆகியிருக்கும். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டி வரை போக கையில் டார்ச் வேண்டும். ஸ்விட்சைத் தூக்கியும் நிற்கவில்லை என்றால் அதே டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

எமர்ஜன்சி லைட்டை நான் முழுசாகக் கைவிடச் சொல்லும் வீடு எல்லா வீடும் அல்ல. கரண்ட் போன நொடியில் யாரும் தொடாமல் அது தானாக எரியும். டார்ச்சால் அது முடியாது. தனியாக இருக்கும் பெரியவர்கள் இருட்டில் டார்ச்சைத் தேடி எழுந்து நடப்பதே ஆபத்து. அவர்கள் வீட்டில், படுக்கையிலிருந்து கழிப்பறை போகும் வழியில் எமர்ஜன்சி லைட்டை மாட்டுங்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றி, டீ குடித்து முடிக்கும் வரை எரிகிறதா என்று பாருங்கள். மங்கினால் மொத்த லைட்டையும் வீச வேண்டாம், அதே அளவு பேட்டரி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தலையணைப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச்சும் இருக்கட்டும், ஒரே அமுக்கில் எரிந்து மறு அமுக்கில் அணையும் வகையாக. ஐந்து விதமாக மின்னும் டார்ச்சைக் கொடுத்தால் அவசரத்தில் அவர்களுக்குப் பிடிபடாது.