கரண்டு வைக்கும் ஏழு வாரம்: வாயா, மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா?

களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து வாய்ப்புற்றுக்காகத் திருவனந்தபுரம் போய்க் கரண்டு, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைப்பவர்கள் சாப்பாடு ஊற்றும் குழாயைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் நான்காம் வாரத்தில். "வெள்ளம் (தண்ணீர்) கூட இறங்கல்ல, குழாய் போடணுமா?" என்பார்கள். அதற்குள் வாய் முழுக்கப் புண், எடை நாலைந்து கிலோ குறைந்திருக்கும், கீமோவால் இரத்த அணுக்களும் இறங்கியிருக்கலாம். வாய், மூக்குக் குழாய், வயிற்றுக் குழாய் என்ற மூன்று வழிகளில் ஒன்று அப்போதே அடைபட்டுப்போகும். ஆகவே கேள்வியை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் வையுங்கள்.

வாரம் 5 நாள், மொத்தம் 30 முதல் 35 தடவை என்பதே வழக்கமான கணக்கு. வாய்ப்புண் இரண்டாம் வாரக் கடைசியில் சிவந்து எரியத் தொடங்கும், ஐந்தாம் ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். கரண்டு முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதே கடுமையில் நிற்கும். சிஸ்பிளாட்டின் கீமோ சேர்ந்தால் குமட்டலும் சிறுநீரகப் பாரமும் கூடும். இதற்கிடையில் எடை குறைந்தால் கரண்டு வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு அச்செடுத்த மாஸ்க் தொளதொளக்கும். மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. சாப்பாடு இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

வாய்வழியே சமாளிப்பது

தொடக்க எடை நன்றாக இருந்து, கீமோ இல்லாமல் கரண்டு மட்டும் என்றால் பலரால் குழாயில்லாமலே கடக்க முடியும். வலியை அடக்கினால்தான் அது நடக்கும். கால் டீஸ்பூன் ஆப்பச் சோடா, கால் டீஸ்பூன் உப்பு, 250 மில்லி ஆறிய வெந்நீர்: இதை விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். கேரள எல்லைக்கு அந்தப்புறக் கடையில் அப்பக்காரம் என்று கேளுங்கள், அதே சரக்குதான். பேக்கிங் பவுடர் வேறு, அதை வாங்காதீர்கள். தினமும் புதிதாகக் கலக்கவேண்டும்.

மருந்துக்கடையில் இதற்குப் போட்டியாக இரண்டு இருக்கின்றன. பென்சிடமின் கொப்பளிப்பு புண் கடுமையாவதைத் தள்ளிப்போட உதவும். தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தவேண்டும், புண் பெரிதான பின் எரிச்சல் தாங்காவிட்டால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். குளோர்ஹெக்சிடினை கரண்டுப் புண்ணைத் தடுப்பதற்கென்று வாங்கவேண்டியதில்லை. ஆல்கஹால் கலந்த எந்த மவுத்வாஷும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் வாயை மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லைக் கொப்பளித்துத் துப்பலாம். மரத்த வாயில் சூடு தெரியாது, புரையேறுவதும் தெரியாது. கஞ்சி நன்றாக ஆறியிருக்கட்டும், மெதுவாக விழுங்கட்டும். வெள்ளைப் படலம் படர்ந்து எரிச்சல் திடீரென்று ஏறினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, காட்டிவிடுங்கள். வலிக்கென்று டைக்ளோஃபெனாக்கை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்: சிஸ்பிளாட்டினோடு சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். முறுக்கானை (வெற்றிலை பாக்கை) அறவே விடவேண்டும்.

இந்த வழி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நீர்த்த கஞ்சிதான். வயிறு நிறையும், சத்து ஏறாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 1500 முதல் 1750 கலோரியும் 60 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். முதல் நாள் எடையை எழுதிவைத்து, வாரம் ஒருநாள் அதே தராசில் பாருங்கள். 50 கிலோவில் இரண்டரை குறைந்தால் அந்த வாரமே குழாய் பற்றிப் பேசவேண்டும். ஐந்து குறையும்வரை காத்திருப்பது தாமதம்.

மூக்குக் குழாய்

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய். ரைல்ஸ் ட்யூப் என்பதும் இதுதான். படுக்கையிலேயே சில நிமிடத்தில் போட்டுவிடலாம், அறுவை இல்லை, அணுக்கள் ஓரளவு குறைந்திருந்தாலும் போடலாம். எல்லையோரத்தாருக்கு இன்னொரு வசதி: இரவில் கழன்றுவிட்டால் திருவனந்தபுரம் வரை ஓடவேண்டாம், குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனையிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம். ஆனால் புண்ணான தொண்டையில் மறுபடி நுழைப்பது வேதனை. வீட்டில் யாரும் உள்ளே தள்ளிப் பார்க்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

மூக்கு விளிம்பில் குழாய்மேல் பேனாவால் ஒரு குறி போடுங்கள். ஒவ்வொரு முறை ஊற்றுமுன்னும் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிஸ்பிளாட்டின் வாந்தியில் குழாய் மேலேறி வாய்க்குள் சுருண்டுகொள்வது உண்டு. குறி நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது.

ஊற்றுவதற்கு 250 மில்லி செய்முறை இது: முளைகட்டிய கேப்பை மாவு 20 கிராம், பால் 150 மில்லி, கொழுப்பில்லாப் பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை 2 டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன், மீதி தண்ணீர். சுமார் 285 கலோரி, 10 கிராம் புரதம். நாளைக்கு ஆறு தடவை ஊற்றினால் மேலே சொன்ன கணக்கு நிறைகிறது. முளைகட்டிய மாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இறுகாது, குழாய் அடைக்காது. சாதாரண மாவு ஆறினால் பசையாகும். தேங்காயெண்ணெய் சேர்த்தால் ஃபிரிட்ஜில் வைத்ததை அப்படியே ஊற்றாதீர்கள், குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். மெல்லிய துணியில் வடிகட்டவேண்டும். பச்சை முட்டை வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் அளவை உணவியல் நிபுணர் மாற்றித் தரவேண்டும்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, அழுத்தாமல் சிரிஞ்சில் தானாக இறங்கவிட்டு, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. கரண்டு மேசையில் மல்லாந்து கிடக்கவேண்டுமே, ஆகவே கடைசி ஊற்றல் அதற்கு ஒன்றரை மணி முன்பே முடியட்டும். பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கீமோ நாட்களில் கூடுதல் தண்ணீர் எவ்வளவு என்று மருத்துவர் சொன்ன அளவையும் குழாயிலேயே பிரித்து ஊற்றலாம்.

மாத்திரையைத் தனித்தனியாகப் பொடித்துக் கரைத்து விடவேண்டும். பான்டோபிரசோல் போன்ற உறையிட்ட மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, வேறு வடிவில் கேளுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கம்பி விடக் கூடாது.

மூக்கு விளிம்பு புண்ணாவது, தொண்டையில் உறுத்துவது, பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பது: இவை இதன் குறைகள். கடைசியதை அற்பமாக எண்ண வேண்டாம். அதற்காகவே குழாயை மறுத்துப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு.

வயிற்றுக் குழாய்

வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் போடும் குழாய். பெக் எனப்படும் இது சட்டைக்குள் மறையும், மூக்கும் தொண்டையும் தப்பும், மாதக்கணக்கில் நிற்கும். நான்கு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதாவது கீமோவோடு சேர்ந்த முழு அளவுக் கரண்டு, ஏற்கெனவே எடை குறைந்தவர், நாக்கில் பெரிய அறுவை ஆனவர் என்றால், இதுதான் மேல்.

ஆனால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழல் விடுவது) வேண்டும். அணுக்கள் இறங்கியபின் போட்டால் தொற்று அபாயம் கூடும். கரண்டுக்கு முன்போ முதல் வாரத்திலோ போட்டுவிடவேண்டும். அடைபட்டுப்போகும் வழி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். பாக்கு மென்று வாய் திறக்க முடியாமல் போனவருக்குச் சாதாரண எண்டோஸ்கோப் நுழையாது. மூக்கு வழி மெல்லிய குழலோ, எக்ஸ்ரே வழிகாட்டலில் வெளியிலிருந்து போடும் முறையோ தேவைப்படும். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் அதை முன்னரே சொல்லவேண்டும்.

முதல் சில வாரம் துளை பக்குவப்படாது. அப்போது கழன்றால் வீட்டில் திரும்பச் செருகக் கூடாது, குழாய் இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் போய்விடும். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே போட்ட இடத்துக்கே போங்கள், சில மணி நேரத்தில் துளை சுருங்கத் தொடங்கும். தொலைவில் குடியிருப்பவர் இதை எடைபோட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும்.

இன்னொரு குறை மெதுவாக வரும். வயிற்றுக் குழாய் வசதியாக இருப்பதால் விழுங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். தசைகள் வேலையை மறக்கும். அதனால் மூக்குக் குழாய்க்காரரைவிட இவர்களுக்குக் குழாய் நீண்டகாலம் நிற்கிறது.

நான்கு வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தவருக்கு, குறிப்பாக ஒல்லியாகத் தொடங்கி கீமோவும் சேர்பவருக்கு, முன்கூட்டியே வயிற்றுக் குழாய். மற்றவருக்கு வாய்வழி, எடை சரிந்ததும் தயங்காமல் மூக்குக் குழாய். எங்கள் தேர்வு இதுதான்.

எந்தக் குழாயானாலும், புரையேறுவதில்லை என்று பரிசோதித்துச் சொன்னபின், நாளைக்குப் பலமுறை ஒரு டீஸ்பூன் தண்ணீராவது விழுங்கவேண்டும். வாயைத் திறந்து மூடும் பயிற்சியும் தினமும் வேண்டும். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் காலைவரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனை. கடைசிக் கரண்டன்று குழாயை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வாய்வழியே முழுச் சாப்பாடு இறங்கி, இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றபிறகு எடுக்கலாம்.