ஓலை இழைக்கும் கைகளுக்கு ஏற்ற கேட்புச் செயலி: அன்டெனாபொட்

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், திருகோணமலையின் சாம்பல்தீவில் பனங்குருத்தோலை இழைப்பவர்கள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வெயில் ஏறிய பின்னர் ஓலை முறுகி, மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும் என்பதே அதற்குக் காரணம். வார்ந்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, விரல்களையும் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொண்டுதான் பெட்டி இழைக்க முடியும். அந்த ஈரக்கையால் கைத்தொலைபேசியின் திரையைத் தொட்டால், தொட்டது ஒன்றும் திறப்பது வேறொன்றுமாக இருக்கும். கையைத் துடைத்து, திரையைத் துடைத்து, வேண்டியதைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் விரலிடுக்கில் பிடித்திருந்த நாலைந்து ஓலைகள் நழுவி, இழைப்பு வரிசை கலைந்து போயிருக்கும். ஆகவே, கைவேலை செய்பவர்களுக்கு ஒரு கேட்புச் செயலி நல்லதா இல்லையா என்பதை அதில் எத்தனை ஆயிரம் நிகழ்ச்சிகள் இருக்கின்றன என்பதைக்கொண்டு நான் பார்ப்பதில்லை. ஒரு காலைப்பொழுதில் எத்தனை முறை அதைத் தொட வேண்டியிருந்தது என்பதே என் அளவுகோல்.

அந்த அளவில் நான் இப்போது நிலையாகப் பயன்படுத்துவது அன்டெனாபொட் என்னும் செயலி. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் மட்டும் இயங்கும் இதைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிப் பராமரிக்கிறார்கள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விலை இல்லை, செயலியின் சொந்த விளம்பரம் என்று எதுவும் இல்லை, கணக்குத் திறந்து மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. இதற்கு முன்னர் சந்தா கட்டிக் கேட்கும் ஒலிநூல் சேவை ஒன்றையும் முயன்று பார்த்தேன். எங்கள் வங்கி அட்டையை அது ஏற்றுக்கொள்வதற்கே இரண்டு கிழமைகள் போயின. ஏற்றுக்கொண்ட பின்னரும், இணைய இணைப்பு ஒரு நிமிடம் தளர்ந்தாலே கேட்டுக்கொண்டிருந்த இடத்தைத் தவறவிட்டு அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய்விடும். நல்ல குரல்கள் அதில் இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குரல்களைக் கேட்பதற்காக நான் பெட்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. யூரியூப்பில் தமிழ் ஒலிநூல்கள் நிறையவே கிடைக்கின்றன. எனினும், திரையை அணைத்துவிட்டுத் தொடர்ந்து கேட்பதற்கு அங்கே கட்டணச் சந்தா தேவைப்படுகிறது. திரையை எரியவிட்டுக் கேட்டால் மதியத்துக்கு முன்பே மின்கலம் இறங்கிவிடும்.

அன்டெனாபொட்டில் முதலில் செய்ய வேண்டியது, விரும்பிய பொட்காஸ்டை, அதாவது இணையத்தில் பகுதி பகுதியாக வெளிவரும் ஒலித்தொடரை, தேடிச் சந்தாதாரராகச் சேர்வது. இந்தச் சந்தாவுக்குப் பணம் இல்லை. புதிய பகுதி வந்தால் தானாகத் தெரியவரும் என்பதே அதன் பொருள். தமிழ் எழுத்தில் தேடி ஒன்றும் அகப்படாவிட்டால், அதே பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுப் பாருங்கள். தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றின் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. இதை அறியாமல், தமிழில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லையென்று நானும் முதல் மாதம் முழுவதும் நினைத்திருந்தேன்.

அடுத்தது தரவிறக்கம். இரவில் அருகலை (வைஃபை) இணைப்பு உள்ள இடத்தில் பகுதிகளை இறக்கி வைத்துவிட்டால், மறுநாள் இணையமே இல்லாமல் கேட்கலாம். நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் பதிவான ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 29 மெகாபைட் இடம் பிடிக்கும். 128 கிலோபிட் என்றால் அதன் இரு மடங்கு. ஒருவர் இருந்து வாசிக்கும் குரலுக்கு 64 தாராளமாகப் போதும். பாட்டுக் கேட்பதற்கு வேண்டிய நுணுக்கம் கதை கேட்பதற்கு வேண்டியதில்லை. கேட்டு முடித்த பகுதியைத் தானாகவே அழித்துவிடும்படியும் செயலியில் அமைத்துக்கொள்ளலாம் என்பதால், சிறிய தொலைபேசி வைத்திருப்பவர்களும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தச் செயலியின் மீது எனக்கு உண்மையான அன்பு பிறந்தது ஒரு சிறு வசதியால். வாசலில் யாரோ கூப்பிட்டு எழுந்து போய், அரை மணி நேரம் கழித்து வந்து மீண்டும் இயக்கினால், நிறுத்திய அதே சொல்லிலிருந்து அது தொடங்குவதில்லை. சில விநாடிகள் பின்னுக்குப் போய்த் தொடங்குகிறது. நிறுத்தி வைத்த நேரம் கூடக்கூடப் பின்செல்லும் விநாடிகளும் கூடுகின்றன. கதை சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் இடையில் எழுந்து போய்த் திரும்பி வந்தால், விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்துதான் எடுத்துச் சொல்வார். இதை அமைத்தவர்கள் அந்த இயல்பை அறிந்திருக்கிறார்கள். அழைப்பு வந்தால் தானே நின்று, பேசி முடித்ததும் தானே தொடரும்படியும் வைக்கலாம். குறித்த நேரத்தில் ஒலியை நிறுத்தும் உறங்கு நேரக் கணிப்பை இட்டிருந்தால், நேரம் முடியும் தறுவாயில் தொலைபேசியை ஒரு முறை குலுக்கினாலே அது மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். குலுக்குவதற்கு ஈரம் துடைத்த விரல் தேவையில்லை.

ஒவ்வொரு பொட்காஸ்டுக்கும் தனித்தனி வேகம் வைக்கலாம் என்பதும் பெரிய உதவி. செய்தி வாசிப்பை நான் சற்று விரைவாகவும், நாவலை இயல்பான வேகத்திலும் கேட்கிறேன். இடையிலுள்ள மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி ஒன்றும் உண்டு; நாவலுக்கு அதை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல வாசிப்பாளர் ஒருவர் ஒரு வசனத்தின் முடிவில் விடும் மூச்சும் கதையைச் சேர்ந்ததுதான். எல்லாப் பகுதிகளின் தொடக்கத்திலும் வரும் ஒரே முன்னுரையையும் இசையையும் இத்தனை விநாடி என்று குறித்துத் தாண்டிவிடலாம். நாற்பது பகுதிகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, எந்த வேலைக்கு எதைக் கேட்பது என்ற விடயத்துக்கு வருகிறேன். செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்தத் தேர்வு தவறினால் பெட்டியும் பிழையாகும், கதையும் பிழையாகும்.

பெட்டியின் அடி இழைக்கும்போது ஓலைகளை எண்ண வேண்டும்; நாலு மூலையையும் திருப்பும்போது எந்த ஓலை மேலே, எந்த ஓலை கீழே என்று கண்ணும் மனமும் அதிலேயே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கதை கேட்டால், ஆறாவது ஓலைக்குப் பிறகு எட்டாவதை எண்ணிவிடுவோம். நான் அப்போது எதையும் கேட்பதில்லை. மிஞ்சினால் சொல் இல்லாத நாதஸ்வரம். மூலை திரும்பிச் சுவர் உயரத் தொடங்கியதும் கை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும் அந்த ஓட்டத்தில் மனம் முழுவதும் ஓய்ந்திருக்கிறது. நீண்ட நாவலுக்கு உரிய நேரம் அதுதான். கடகம் என்னும் பெரிய ஓலைக்கூடைக்கு நார் வைத்து விளிம்பு பொத்தும்போது கை மறுபடியும் இறுகும். நாரை இழுத்துப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் காது சற்று மூடிக்கொள்ளும். அப்போது ஒரு சொல் தவறினாலும் பொருள் தவறாத நேர்காணலோ செய்தியோ போதும். அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பின் பொட்காஸ்ட் இதற்கு மிகப் பொருத்தமானது. பெரும்பாலும் குறுகிய பகுதிகளாக வருகின்றன. நம்முடைய பேச்சு வாசனையோடு பேசுபவர்களையும் அதில் கேட்கலாம்.

நாவல் என்று வரும்போது கல்கியின் பொன்னியின் செல்வனிலிருந்து தொடங்குமாறுதான் யாருக்கும் சொல்வேன். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைப்பதற்காக எழுதப்பட்டது என்பதால், உரத்து வாசிக்கும்போது அதன் அளவு கைவேலையின் ஒரு மூச்சுக்குச் சரியாக வந்து பொருந்துகிறது. ஓர் அத்தியாயம் முடியும்போது சுவரில் இத்தனை விரற்கடை ஏறியிருக்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அது பழகிவிட்டது. இரண்டாம் பாகமான சுழற்காற்றில் கதை இலங்கைக்கு வருகிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் அதைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் போட்டு விட்டிருந்தபோது, பக்கத்தில் சுளகு இழைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, பூங்குழலி தனியாகப் படகு வலித்துக் கடலில் போகும் இடத்தில் கையை நிறுத்திவிட்டார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். அன்று மாலை நான் தண்ணீர் அள்ளிக்கொண்டு வரும்போது, "பிள்ளை, அந்தப் பெட்டை கரை சேர்ந்தாளோ?" என்று கேட்டார். அறுபது வயதுக்கு மேல் அவர் கேட்ட முதல் நாவல் அது.

வாசிக்கும் குரலைத் தேர்ந்தெடுப்பதில் சற்றுப் பொறுமை வேண்டும். ஒரே நாவலைப் பலர் வாசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு ஆள் பேசி, குதிரைக் குளம்பொலியும் இடியும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டவை முதலில் கவர்ச்சியாகத் தோன்றினாலும், கைவேலையோடு கேட்க அவை ஏற்றவையல்ல. திடீரென ஏறும் ஓசை கையைத் துணுக்குற வைக்கும். மெல்லப் பேசும் இடம் ஓலையின் சரசரப்பில் கேளாமலே போகும். ஒருவரே நிதானமாக வாசிப்பதுதான் நல்லது. தீபிகா அருண் நடத்தும் கதை ஓசை என்னும் பொட்காஸ்ட் அந்த வகையில் எனக்குப் பிடித்தது. குரலை மிகையாக ஏற்றி இறக்காமல் வாசிக்கும் முறையை அதில் காணலாம். தொடர்கதையைக் கேட்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பொட்காஸ்ட் செயலிகளில் புதிய பகுதிதான் வழக்கமாக மேலே நிற்கும். வரிசையைப் பழையதிலிருந்து புதியதாக மாற்றி வைக்காவிட்டால், கதையின் முடிவு முதலில் வந்து காதில் விழும்.

பொட்காஸ்டாக வராத ஒலிநூல்களுக்கும் இந்தச் செயலியில் இடம் உண்டு. தொலைபேசியில் உள்ள ஒரு கோப்புறையைச் செயலிக்குக் காட்டிவிட்டால், அதிலுள்ள ஒலிக்கோப்புகள் ஒரு பொட்காஸ்டின் பகுதிகளைப் போலவே வந்து நிற்கும். கோப்புகளுக்கு 01, 02 என்று முன்னால் எண்ணிட்டு, பெயர் வரிசையில் அடுக்கும்படி அமைத்தால் குழப்பம் இல்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிப்ரிவொக்ஸ் என்னும் தன்னார்வத் திட்டத்தில், பதிப்புரிமை காலாவதியான நூல்களை உலகெங்குமுள்ளவர்கள் வாசித்துப் பொதுவுடைமையாக வைக்கிறார்கள். ஆங்கில நூல்கள் அங்கே மலைபோலக் குவிந்திருக்க, தமிழ் மிகச் சிறிதாகவே இருக்கிறது. ஆங்கிலம் கேட்டுப் பழக விரும்பும் இளையவர்களுக்கு அதுவும் பயன்படும். எங்கள் வீட்டில் தையல் பழகும் பிள்ளை அப்படித்தான் கேட்கிறாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செயலி இல்லை. அவர்கள் தங்கள் தொலைபேசியோடு வரும் பொட்காஸ்ட் செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு நிறுவனம் தன் செயலியில் மட்டும் கேட்கும்படி வெளியிடும் நிகழ்ச்சிகள் இதற்குள் வரமாட்டா. பொட்காஸ்டின் ஒலிக்குள்ளேயே சேர்த்துப் பதிவுசெய்யப்பட்ட விளம்பரத்தையும் இதனால் நீக்க முடியாது. அமைப்புகள் பக்கம் நீளமானது. முதல் நாளில் வயதானவர்களின் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், கூட இருந்து ஒரு தடவை எல்லாவற்றையும் சரிசெய்து கொடுக்க வேண்டும். அப்படி ஒருநாள் மினக்கெட்டால், அதன் பிறகு அவர்கள் ஒரேயொரு பொத்தானைத் தொட்டால் போதும். காதில் செருகும் கருவியைப் பொறுத்தவரை, வயர் உள்ள விலை குறைந்த ஒன்றை ஒரு காதில் மட்டும் செருகிக்கொள்வதே நல்லது. அதிலுள்ள பொத்தானை முழங்கையின் பின்புறத்தால் கூட அழுத்தலாம். வாசலில் யார் வந்தாலும் மற்றக் காதில் கேட்கும்.

எனக்கு இதில் தீராத ஆசை ஒன்று உண்டு. ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் இரண்டு எங்கள் திருகோணமலைக்காரர்கள் எழுதியவை. இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891ஆம் ஆண்டிலும், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று மோகனாங்கியைக் குறிப்பிடுவார்கள். இவற்றை இந்த ஊர்க் குரலில், இந்த ஊர் உச்சரிப்பில் கேட்க வேண்டும். மோகனாங்கியின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, காற்று அடங்கிய பின்னர் இரவில் தொலைபேசியிலேயே முதல் சில பக்கங்களை வாசித்துப் பதிந்து, 01 என்று எண்ணிட்டு அந்தக் கோப்புறையில் போட்டேன். செயலி அதை மற்றக் கதைகளோடு கதையாக எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை பெரியம்மாவுக்குச் சொல்லாமலே அதை ஓடவிட்டேன். சுளகின் விளிம்பைக் கட்டியபடி கடைசி வரை கேட்டிருந்துவிட்டு, "இது உன்ர குரலெல்லோ? நல்லாத்தான் கிடக்குது. இன்னும் கொஞ்சம் ஆறுதலா வாசி பிள்ளை, நான் ஓலை எடுக்க வேணும்" என்றார். இரண்டாம் பதிவை அந்த அளவில் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.