ஒரு படம் வெளிறும், அடுத்தது இருளும்: ராமநாதபுரம் கரையில் நான்கு ஆண்டு டிஎஸ்எல்ஆர் பயன்பாடு

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் ஒரே இடத்தில் நின்று ஒரே நிமிடத்துக்குள் ஐந்து படங்கள் எடுக்கிறோம். இரண்டில் மணல் வெள்ளைத்தாளாக வெளிறிக் கிடக்கிறது, ஒன்றில் முகம் கறுத்துப் போயிருக்கிறது, மீதி இரண்டும் சரியாக இருக்கின்றன. உடனே கேமரா போய்விட்டது என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தனுஷ்கோடியிலிருந்து வாலிநோக்கம் வரையுள்ள கரையில் நான்கு ஆண்டு உழைத்த நடுத்தர விலை டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 மிமீ கிட் லென்ஸ், 70-300 மிமீ லென்ஸ் இவற்றின் பயன்பாட்டிலிருந்து சொல்வது இது. கேமரா எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று தப்பாகக் கணித்ததா, அல்லது சரியாகக் கணித்தும் அதை நிறைவேற்ற முடியாமல் போனதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அந்த விடையைக் காணப் பத்து நிமிடம் போதும்.

நிழல் விழுந்த, ஒரே நிறமான சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேகம் ஓடாத நேரமாக இருக்கட்டும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்து, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவை) 400-இல் நிறுத்துங்கள். பிளாஷ் வேண்டாம். ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு உரியதாக நிலைநிறுத்துங்கள். நிழலைத் தானாகத் தூக்கிக் காட்டும் வசதி, எந்தப் பெயரில் இருந்தாலும், அதையும் அணைத்துவிடுங்கள். கிட் லென்ஸை 55 மிமீக்குத் திருப்பி, ஃபோகஸைக் கையால் நிறுத்துங்கள். முதலில் எஃப்/5.6 (அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்), 1/500 நொடியில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) இருபது படம். அடுத்து எஃப்/8, 1/250-இல் இருபது. பிறகு எஃப்/16, 1/60-இல் இருபது. மூன்றிலும் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு தொகுப்பிலும் பாதியைத் தொடர்ச்சியாகவும் பாதியை இரண்டு நொடி இடைவெளி விட்டும் எடுங்கள். பிறகு படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் கண் கூசும்போது திரையில் எல்லாப் படமும் இருட்டாகவே தெரியும், திரையை நம்பிப் பயனில்லை.

அறுபது படத்திலும் ஹிஸ்டோகிராமின் மேடு அதே இடத்தில் நின்றால் ஷட்டரும் அபெர்ச்சரும் நலம், கோளாறு கணிப்பில் இருக்கிறது. எஃப்/5.6 சீராக இருந்து எஃப்/16 மட்டும் தாறுமாறாக வெளிறினால் அபெர்ச்சர் பிளேடுகள் ஒட்டுகின்றன. மூன்று தொகுப்பும் ஆடினால் வேறொரு லென்ஸ் போட்டு மீண்டும் பாருங்கள். அப்போதும் ஆடினால் சந்தேகம் ஷட்டர் மீது. எஃப்/5.6, 1/4000, ஐஎஸ்ஓ 3200 என்று மாற்றிப் பத்து படம் எடுங்கள். படத்தின் மேலோ கீழோ ஒரு பட்டை மட்டும் இருண்டிருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். ஒளி இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்; அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கரையில் பெரும்பாலும் முதல் விடைதான் வரும், அதாவது கணிப்புக் கோளாறு. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மணல் என்றோ கருவாடு என்றோ தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். தனுஷ்கோடி மணலும், வாலிநோக்கம் உப்பளமும், வெயிலில் பரப்பிய நெத்திலிக் கருவாடும் படச்சட்டத்தை (ஃபிரேமை) நிறைத்தால் படம் இருளும். கருப்புச் சாயம் அடித்த வல்லத்தின் (நாட்டுப்படகின்) பக்கவாட்டை நெருங்கி எடுத்தால் படம் வெளிறும். இரண்டு படத்துக்கும் இடையில் வெயில் மாறவில்லை, சட்டத்துக்குள் மணலின் பங்குதான் மாறியது.

இதோடு பல பகுதி மீட்டரிங் சேரும்போது குழப்பம் கூடுகிறது. 1983-இல் நிக்கான் எஃப்ஏ கேமராவில் வந்த இந்த முறை, சட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து அளந்து ஒரு முடிவுக்கு வரும். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் ஃபோகஸ் புள்ளி நிற்கும் இடத்துக்கு அது கூடுதல் எடை தருகிறது. புள்ளி படகின் மேல் இருந்து மணலுக்குத் தாவினால், நீங்கள் அசையாமலே எக்ஸ்போஷர் (படத்துக்குக் கிடைக்கும் ஒளி அளவு) மாறும். கடற்கரைக்கு, சட்டத்தின் நடுப்பகுதிக்கு எடை தரும் சென்டர் வெயிட்டட் மீட்டரிங்கே நல்லது. அதன் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால் திருத்துவது எளிது. மணல் நிறைந்த காட்சிக்கு காம்பன்சேஷன் (மீட்டரின் கணிப்பை நாம் கூட்டிக் குறைக்கும் அளவு) +1, உப்பளக் குவியலுக்கு +1.3, நீல வானத்தில் பறக்கும் பூநாரைக்கு +0.7, கரிய வல்லத்துக்கு -0.7 என்று தொடங்கிப் பாருங்கள். ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை இங்கே பரிந்துரைக்க மாட்டோம். ஒரு வெள்ளை வேட்டியில் பட்டாலே கணக்கு மாறிவிடும்.

அதைவிட உறுதியான வழி மேனுவல்தான். காலை பத்து முதல் மூன்று மணி வரை, மேகமில்லாத நாளில், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/400 நொடி என்பது ஊருக்குள் வெயிலில் நிற்கும் ஆளுக்குச் சரியாக வரும். எஃப்/16-இல் ஐஎஸ்ஓவுக்கு இணையான ஷட்டர் வேகம் என்ற பழைய பிலிம் காலக் கணக்குதான் இது. வெண்மணல் பரப்பில் நாலாபக்கமும் ஒளி திரும்பி அடிப்பதால் ஒரு ஸ்டாப் குறைத்து 1/800. இந்த அளவில் வைத்துவிட்டால் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் திரும்பினாலும் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் திரும்பினாலும் படங்கள் ஒரே தொனியில் நிற்கும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் எதிரே வரும்போதும் இதுவே துணை. முகப்பு விளக்கு சட்டத்துக்குள் வந்ததும் தானியங்கி மீட்டர் படத்தை இருட்டிவிடும், மேனுவலில் அந்தச் சிக்கல் இல்லை.

மேனுவலில் வைத்தும் படம் மாறுகிறதே என்பவர்கள் முதலில் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் பாருங்கள். அது இயங்கினால் மேனுவல் பெயரளவில்தான் மேனுவல், எக்ஸ்போஷரை இன்னும் மீட்டரே தீர்மானிக்கிறது. படத்தோடு பதிவாகும் எக்சிஃப் விவரத்தில் ஐஎஸ்ஓ எண் படத்துக்குப் படம் மாறுவதே அதற்குச் சான்று. வெளிச்சம் மூன்று மூன்று படமாக, சரியானது, இருண்டது, வெளிறியது என்று முறைவைத்து வந்தால், வேண்டுமென்றே வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்கும் பிராக்கெட்டிங் இயங்கிக்கொண்டிருக்கிறது. முந்தைய நாள் மாலையில் வைத்த +1 காம்பன்சேஷன் பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் அழியாமல் இருக்கும். கிட் லென்ஸை எஃப்/3.5-இல் முழுக்கத் திறந்து 18-இலிருந்து 55-க்கு ஜூம் செய்தால் அபெர்ச்சர் தானே எஃப்/5.6 ஆகிவிடும். மேனுவலில் அது ஒன்றேகால் ஸ்டாப்புக்கும் மேல் இருட்டாக்கும். எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் வைத்துக்கொண்டால் ஜூம் தொல்லை தராது.

விடியலில் ஸ்டாண்டு வைத்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. டிஎஸ்எல்ஆரின் மீட்டர் சென்சார் வியூஃபைண்டர் பகுதியில் இருக்கிறது. கண்ணை வைக்காமல் எடுக்கும்போது பின்னாலிருந்து வரும் வெயில் கண்ணாடி வழியே புகுந்து அதை ஏமாற்றும், படம் இருளும். கையாலோ துணியாலோ வியூஃபைண்டரை மூடினால் போதும். மிரர்லெஸ் கேமராவில் இந்தச் சிக்கல் இல்லை. ஒளித்தெறிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் சர்க்குலர் வகை வாங்குங்கள். பழைய லீனியர் வகை டிஎஸ்எல்ஆரின் மீட்டரையும் ஃபோகஸையும் குழப்பும்.

கல்யாண மண்டபத்துக்குள் எடுக்கும் படங்கள் மாறி மாறி வந்தால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/500-இல் எடுத்தால் ஒரு படம் உச்சத்திலும் அடுத்தது பள்ளத்திலும் சிக்கும், நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழு ஏற்ற இறக்கமும் ஒவ்வொரு படத்திலும் அடங்கிவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இதே காரணத்தால் குறுக்கே கோடு கோடாக விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

இனி உறுப்புக் கோளாறு. இந்தக் கரையில் அதன் மூலம் உப்பு. கடல் தெறித்து வரும் நுண்துளி லென்ஸில் காய்ந்து உப்புத் துகளாக நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தத் துகள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராகும். ராத்திரி அலமாரிக்குள் சும்மா இருக்கும் லென்ஸும் அரிபடுவதற்கு இதுதான் காரணம். ஆடிக் காற்றில் மண்ணும் சேர்ந்துகொள்ளும்.

நான்காம் ஆண்டில் இந்தக் கிட் லென்ஸில் வந்தது அபெர்ச்சர் ஒட்டல்தான். அறிகுறி தெளிவானது. முழுக்கத் திறந்து எடுத்தால் சரி, எஃப்/11, எஃப்/16-இல் வெளிறல், அதிலும் தொடர்ச்சியாக எடுத்தால் முதல் ஒன்றிரண்டு படம் மோசம். காரணம் இதுதான்: டிஎஸ்எல்ஆர் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தே வெளிச்சத்தை அளக்கிறது. படம் எடுக்கும் கணத்தில்தான் பிளேடுகள் சட்டென மூட வேண்டும். அவை தயங்கினால் கூடுதல் ஒளி உள்ளே போகும், மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. நெம்புகோல் வகை லென்ஸாக இருந்தால் கழற்றி, பின்பக்கமுள்ள சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். பிளேடுகள் துள்ளி நகர வேண்டும். சோம்பலாக ஊர்ந்தாலோ, அவற்றின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலோ சர்வீஸ் தேவை. அதுவரை முழுக்கத் திறந்த அபெர்ச்சரில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வேலையை ஓட்டலாம். பிளேடுக்கு எண்ணெய் விடவே கூடாது, அவை உலர்ந்தே ஓட வேண்டியவை. துருநீக்கி ஸ்ப்ரே அடித்தால் இருக்கும் ஒட்டல் நிரந்தரமாகும்.

மின்காந்த அபெர்ச்சர் உள்ள லென்ஸில் பித்தளை நிறத் தொடுமுனைகளைப் பாருங்கள். அங்கே உப்புப் படலம் இருந்தால் சில படத்தில் அபெர்ச்சர் கட்டளை போய்ச் சேராது, எக்சிஃபில் எஃப் எண் பூஜ்யமாகவோ வெறுமையாகவோ வரும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இழை உதிராத துணியில் இரண்டு சொட்டு நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கலாம். ரப்பரால் தேய்ப்பதும் வேண்டாம், மேல்பூச்சு உரியும்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் முதலில் பிளோயரால் மணலை ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடலையும் லென்ஸ் குழலையும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். இந்த வரிசை மாறினால் மணல் தேய்த்துக் கீறும். வைப்பதற்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மானி. 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். அரிசி டப்பாவில் புதைப்பது இங்கே பலரிடம் இருக்கும் பழக்கம். அரிசித் தூள் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். கண்ணாடியில் பனி படிந்த நிலையில் எடுத்த படம் வெளிறித்தான் வரும், அதை மீட்டர் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

சர்வீசுக்குக் கொடுப்பதானால் சுவர்ச் சோதனைப் படங்கள் அறுபதையும் அழிக்காமல் கார்டில் கொண்டு போங்கள். “சில நேரம் வெளிறுது” என்று சொன்னால் கடையில் நாலு படம் எடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறதென்று திருப்பிக் கொடுப்பார்கள். “எஃப்/5.6-இல் சீராக வருது, எஃப்/16-இல் இருபதில் ஏழு படம் வெளிறுது, லென்ஸை மாத்தினா போயிடுது” என்று சொன்னால் எதைத் திறக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே தெரியும். பிளேடு சுத்தம் செய்ய ஆகும் கூலியைக் கேட்டு, அது பழைய கிட் லென்ஸின் சந்தை விலையில் பாதிக்கு மேல் போனால் அதே லென்ஸைப் பயன்படுத்தியதாக வாங்கிவிடலாம். வாங்குமுன் அதையும் எஃப்/16-இல் இருபது படம் எடுத்துப் பாருங்கள்.