புத்தகப் பைக்கான குண்டு துளைக்காத அட்டை: ஒரு தாத்தாவின் மதிப்புரை

விடுமுறைக்காக டெக்சாஸிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்திருக்கும் என் பேத்தியின் புத்தகப் பையில் ஜிப் பிய்ந்துவிட்டதால், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் பை தைப்பவரிடம் அதைக் கொண்டுபோனேன். உள்ளறையிலிருந்து கறுப்பு அட்டை ஒன்றை உருவியவர், "இன்னா சார் இது, பரீட்சை அட்டையா?" என்று கேட்டார். துப்பாக்கிக் குண்டைத் தடுப்பதற்கான அட்டை என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா எத்தினியாவது படிக்குது?" என்றார். மூன்றாம் வகுப்பு.

செயற்கை இழைகளைப் பல அடுக்காக அழுத்திச் செய்த இந்த அட்டை அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. விளிம்புத் தையலில் பிசிறில்லை. ஐந்தாண்டு உத்தரவாதமும் உண்டு. அந்த ஐந்தாண்டுக்குள் தன் நாட்டு நிலைமை மாறிவிடாது என்பதில் நிறுவனத்துக்குள்ள நம்பிக்கையை நான் குறைசொல்ல முடியவில்லை.

குறை அதன் பயனில் இருக்கிறது. உறையில் அச்சிட்டுள்ள 'மூன்று-ஏ' என்ற தரம் கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு மட்டுமே உரியது. ரைபிள் குண்டு அதைத் துளைத்துவிடும். 2012இல் சேண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேரும், 2022இல் இதே டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டது ஏ.ஆர்.-15 வகை ரைபிள்களால்தான். போதாததற்கு, இத்தரங்களை வகுக்கும் அமெரிக்க தேசிய நீதி நிறுவனம், காவல்துறைக்கான கவச உடைகளைத் தவிர, புத்தகப் பை போன்ற எதையும் தான் சோதித்ததுமில்லை, சான்றளித்ததுமில்லை என்று அறிவித்திருக்கிறது. வகுப்பு நடக்கும்போது பை சுவரில் ஆணியில் தொங்குகிறது என்று பேத்தி சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கிகள் பலவற்றின் விற்பனையை 1994இல் தடை செய்த சட்டத்தை 2004இல் காலாவதியாக விட்டதும் அமெரிக்க நாடாளுமன்றமே. சேண்டி ஹூக்கிற்குப் பிறகு, வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் திருத்தத்துக்கு 2013 ஏப்ரலில் அதன் மேலவையான செனட்டில் 54 வாக்குகள் கிடைத்தும், தேவையான 60 எட்டாததால் அது வீழ்ந்தது. யுவால்டிக்குப் பிறகு வந்த சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் சோதனையை ஏற்படுத்தியதே தவிர, அங்கே சுட்ட 18 வயதுக்காரன் சட்டப்படி வாங்கிய அந்த ரைபிளைக் கடையிலிருந்து அகற்றவில்லை. ஒவ்வொரு முறையும் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குகிறது, பிரார்த்தனை நடக்கிறது, பிறகு அடுத்த பள்ளி. ஆயுதமேந்திய காவலர்கள் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் எடுத்துக்கொண்ட யுவால்டியை நினைத்தால், செனட் சுமக்க மறுத்த பாரத்தை எட்டு வயதுக் குழந்தையின் முதுகில் ஏற்றியிருப்பதாகவே இந்த அட்டை எனக்குப் படுகிறது.

என் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "தெரியும்பா, வாங்காம இருக்க மனசு வரல" என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனாலும் இந்த அட்டையைப் பிறருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே இருந்த நாட்களில் பேத்தி அதன்மேல் தாள் வைத்துப் படம் வரைந்தாள். அதற்கு மிக நன்றாகவே பயன்பட்டது.

பை தைப்பவர் 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். எடை தாங்கட்டுமென்று பெரிய ரன்னர் போட்டு, அட்டையை இருந்த இடத்திலேயே செருகிக் கொடுத்தார்.