சம்பள வரம்பா, குலுக்கலா?

வெளிநாட்டுப் பணியாளர் வருகையைக் குறைக்க பிரிட்டன் சம்பளத்தையே அளவுகோலாக்கியது. திறன்பணியாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. சிறப்புத் திறன் வேலைகளுக்கு அமெரிக்கா தரும் எச்-1பி விசாவிலோ எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்பாடு: ஆண்டுக்கு 65,000, அங்கேயே முதுகலை முடித்தோருக்கு மேலும் 20,000, விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்.

சம்பள வரம்பு இருந்தால், தமக்குத் தகுதி உண்டா என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது. ஆனால் லண்டன் வங்கிக்கு எளிதான தொகை, சம்பளம் குறைந்த வடகிழக்கு இங்கிலாந்தின் சிறு நிறுவனத்துக்கு எட்டாது. சம்பளம் பார்க்காத குலுக்கலில் இந்தப் பாகுபாடு இல்லை. எனினும், ஒரே நபருக்காகப் பல நிறுவனங்கள் பதிவுசெய்து வாய்ப்பைப் பெருக்கிக்கொண்டதால், ஒருவருக்கு எத்தனை பதிவு இருந்தாலும் ஒரே வாய்ப்பு என்ற ஆள்வாரித் தெரிவுக்கு 2024இல் அமெரிக்கா மாற வேண்டியதாயிற்று. அதிகச் சம்பளத்துக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் திட்டத்தை அமெரிக்க அரசு 2025இல் முன்வைத்ததோ, பிரிட்டனின் வழியை நோக்கிய நகர்வுதான்.