ஸ்விஃப்ட்டைத் தாழ்த்த எந்த ஸ்பிரிங்? டயரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி சற்றுக் குறைந்தாலே ஸ்விஃப்ட்டின் தோற்றம் மாறிவிடுகிறது. திருப்பங்களில் கார் சாய்வதும் குறைகிறது. காரைத் தாழ்த்தும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் எவ்வளவு இறங்கும், என்ன விலை என்று இரண்டை மட்டுமே கேட்கிறார்கள். டயர் எப்படித் தேயும் என்பதையும் கேட்டால் பலருடைய தேர்வு மாறும்.

இருப்பவை நான்கு வழிகள்: பழைய ஸ்பிரிங்கை வெட்டுவது, 25–30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், 45–50 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய காயில்ஓவர். வெட்டுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் உருக்கின் பதம் கெடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவலாம். தயவுசெய்து வேண்டாம்.

முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் என்ற தூண் சக்கரத்தைத் தாங்குகிறது. இந்த மெக்ஃபர்சன் அமைப்பில் காரை 30 மி.மீ. இறக்கினால் சக்கரங்களின் மேல்பகுதி ஏறத்தாழ அரை டிகிரி உள்நோக்கிச் சாயும். இதுதான் கேம்பர். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் பழிபோடுவது இதன்மேல்தான். உண்மையில் டயரை வேகமாகத் தின்பது டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. ஸ்டீயரிங் கம்பியும், சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையும் வெவ்வேறு வட்டப்பாதையில் நகர்வதால், உயரம் மாறியதும் டோ மாறிவிடுகிறது. ஒரு சக்கரம் 0.1 டிகிரி விலகியிருந்தாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் அது 17 கி.மீ.

உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவினால் வேறுபாடு தெரியும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கூராகவும் தட்டுப்பட்டால் டோ. உள்விளிம்பு மட்டும் சீராக வழித்தெடுத்ததுபோல் இருந்தால் கேம்பர். ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் முதலில் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள்.

30-க்கும் 50-க்கும் இடையே எனக்குத் தயக்கமே இல்லை: 30. அரை டிகிரி சாய்வை, ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றைக் கேம்பர் போல்ட்டாக மாற்றிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். 50-ல் கீழ்க்கையின் கோணம் மிகவும் மாறிவிடும். ஷாக் அப்சார்பருக்கு அசைய இடமில்லாமல் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டையில் அடிக்கடி மோதும். நம் வேகத்தடைகளையும் எண்ணிப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமாக இருந்தால் ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே அது சுமார் 4.5 செ.மீ. மட்டுமே துருத்தும். தெருவில் திடீரென்று முளைக்கும் குறுகலான மேடுகளோ முழு உயரத்தோடு வயிற்றில் இடிக்கும்.

பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம். தொழிற்சாலை அமைப்பில் அங்கே டோவையோ கேம்பரையோ திருத்த வழியில்லை. குடும்பமும் மூட்டைகளும் ஏறினால் முழு எடையும் ஸ்பிரிங்கின்மேல்தான். அதனால் அழுத்த அழுத்தக் கடினமாகும் புரோகிரசிவ் ஸ்பிரிங்கே வீட்டுக் காருக்குப் பொருத்தம். சீரான கடினம் கொண்ட லீனியர் ஸ்பிரிங் பந்தயத் தடத்தில் நம்பகமானது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் அதை எடுக்கலாம். அவர்களுக்குக் காயில்ஓவரும் பொருந்தும். மற்றவர்களுக்கு அது வீண்செலவு. உயரத்தை ஒருமுறை திருகினாலும் மறுபடியும் அலைன்மென்ட் செய்தாக வேண்டும்; பலர் திருகுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பில்ஸ்டீன் நிறுவனம் இயல்பான உயரத்துக்கு பி6, தாழ்த்திய காருக்கு நீளம் குறைந்த பி8 என்று தனித்தனியாகத் தயாரிப்பது காரணமில்லாமல் இல்லை. பழைய ஷாக் அப்சார்பரின் மேல் புது ஸ்பிரிங்கைப் பூட்டுவதைவிட, இரண்டுக்கும் பணம் சேரும்வரை காத்திருப்பது மேல்.

கீழ்க்கையின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டை, கார் நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்கும்போதே இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, அச்சிட்ட அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் பின்சக்கர டோ வரம்புக்கு வெளியே இருந்தால் புது ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன், பீம் ஏற்கெனவே வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.